கையை இழுக்காதே என்று சொன்ன பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சித்தி..."

இந்த குரூப்பில் இருக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நெய்வேலியில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் நாங்கள் இருவரும் டைப்பிஸ்ட். நான் பக்கத்தில் வடக்குத்து கிராமத்துப் பெண். அவர் பினாங்கில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவருக்கு மைன்ஸில் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்.

என் அப்பா காலமெல்லாம் கூலிக்கு உழுத நிலம் சுரங்கமாகிவிட்டது. நிலம் அவருடையது இல்லை, அதனால் கைக்கு எதுவும் வரவில்லை. அதே கான்ட்ராக்டரிடம்தான் மண் அள்ளப் போனார்.

ஆக, மேனேஜர் நினைத்தால் ஒரே நாளில் அப்பா வேலையும் போகும், என் வேலையும் போகும். அது மேனேஜருக்கும் தெரியும்.

டிக்டேஷன் என்று கூப்பிடுவார். பீரோவுக்கும் மேஜைக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். எழுந்து வந்து வழியை அடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடிப்பார். "அப்பா நல்லா இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே...

கத்தினால் அப்பாவுக்கு வேலை போகும். வீட்டில் சொன்னால் அப்பா அரிவாளைத் தூக்குவார். வேலையை விட்டால், ஏன் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவர்.

ஒருநாள் டைப் அடிக்கும்போது அக்கா என் கையைப் பார்த்துவிட்டார். விரல் பதிந்த தடம். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு என்னமோ செய்து காட்டினார். திரும்பினார், கையை வீசினார், குத்தினார், மறுபடி திரும்பினார். டான்ஸ் என்று நினைத்தேன். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் பேரு காட்டா. கராத்தேல வர்றது. பினாங்குல எங்கண்ணன் ஒரு ஜப்பான்காரர்கிட்ட கத்துக்கிச்சு. அதுக்குப் பழகிப் பார்க்க ஆள் வேணுமே... நான்தான் நிப்பேன்."

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். சரியான பிடி. "இப்ப நான் அக்கா இல்ல. அவன். என்ன பண்ணுவ?"

இழுத்தேன். இன்னும் இறுகியது.

"இழுக்காத. அவன் எதிர்பார்க்கிறதே அதைத்தான். பின்னால போகாத, அவன் பக்கமா ஒரு அடி வை. அவன் கட்டைவிரல் இருக்கிற பக்கமா கையைச் சுத்து, அங்கதான் பிடி இளகும். வெளிய வந்த கை சும்மா வரக்கூடாது, சுத்தியல் மாதிரி மேல இருந்து இறங்கணும்."

"அந்தக் காட்டாவுல இன்னொரு கை எதுக்கு அக்கா இடுப்புக்கு வருது?"

"அழகுக்கு இல்லடி. அவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கிற கை அது."

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு நேரமெல்லாம் ஸ்டோர் ரூமில்தான். புடவை தடுக்கி விழுந்திருக்கிறேன். அழுதிருக்கிறேன். அக்கா பிடியைத் தளர்த்தவே மாட்டார்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டபோது கதவுக்குத் தாழும் போட்டார். கையைப் பிடித்தார். பயத்தில் எல்லாம் மறந்து இழுத்துவிட்டேன். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான்... முன்னால் அடி வைத்தேன். கை எப்படிச் சுழன்றது என்று தெரியாது. மூக்கில் இறங்கியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் ரத்தம்.

அவசரத்தில் எனக்குத் தாழ் திறக்க வரவில்லை. வெளியே அக்கா கதவைத் தட்டுகிறார், "திறடி, நான் இங்கதான் இருக்கேன், திறடி" என்று.

மறுநாள் மேனேஜர் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்தார். பீரோ கதவு இடித்துவிட்டதாம். டைப்பிஸ்ட் பெண் அடித்தாள் என்று எப்படிச் சொல்வார்? அப்பாவுக்கு வேலை போகவில்லை. ஆனால் அதே ஆபீஸில், அந்த ஆளின் கதவைப் பார்த்த மேஜையில்தான் நான் தொடர்ந்து உட்கார்ந்தேன். வேறு போக்கு இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அக்காவின் கழுத்தோரம் ஒரு தடம். இந்த முறை நான் பார்த்துவிட்டேன்.

"வீட்டுக்காரரா அக்கா? எனக்குச் சொல்லிக்குடுத்தீங்களே... நீங்க ஏன்..."

"கையை விடுவிச்சுக்கலாம். அப்புறம்? பாஸ்போர்ட்டு அவர் பெட்டியில பூட்டிக் கிடக்கு. இந்த ஊர்ல எனக்கு யார் வீடு இருக்கு, சொல்லு."

அன்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "வரச் சொல்லு. நாம படுக்கிற எடத்துல அவளும் படுத்துக்கினு போறா."

உடனே வரவில்லை. மாதங்கள் ஓடின... ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையான மகளைத் தூக்கிக்கொண்டு அக்கா வந்தார். பின்னாலேயே சைக்கிளில் அவர் கணவர்.

குழந்தையை அக்கா என்னிடம் கொடுத்த அதே நேரம், எங்கள் வாசலில் வைத்து கணவர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். "நட குவார்ட்டர்ஸுக்கு."

தெருவே நின்று பார்த்தது. அப்பா மண்வெட்டியோடு இறங்கினார். "அண்ணே, நீங்க இருங்க" என்றார் அக்கா.

ஒரு அடிதான் எடுத்து வைத்தார். கணவர் பக்கமாக. அக்காவின் கை அவர் பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அக்காவின் முஷ்டி அவர் முகத்துக்கு நேராக நின்றது. இறங்கவில்லை.

"இனிமே தொடாதீங்க."

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அக்கா உள்ளே வந்து, என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில்தான் இருந்தார், கடலூரில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைக்கும்வரை. டைப் அடித்தே மகளைப் படிக்கவைத்தார்.

பாஸ்போர்ட் கடைசிவரை கிடைக்கவில்லை. அண்ணன் சாவுக்குக்கூட அவரால் போக முடியவில்லை. பினாங்கு என்று யாராவது சொன்னால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

கடலூர் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேல்பட்டாம்பாக்கம் தாண்டிவிட்டது.

வந்துகொண்டே இருக்கிறேன் அக்கா...