முளைத்த கல்

மூன்றாம் வகுப்பு டீச்சரை நாங்கள் ‘ஐயையோ டீச்சர்’ என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். சாக்பீஸ் உடைந்தாலும் ஐயையோ, மணி அடிக்கத் தாமதமானாலும் ஐயையோ, மணி சரியாக அடித்துவிட்டாலோ ‘ஐயையோ, இன்னும் பாடம் முடியலையே!’ நான் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அவர் நடத்தும் பாடம் பாதி எனக்கே மனப்பாடம்.

பயந்த சுபாவமே தவிர, சொல்லிக்கொடுப்பதில் சோம்பல் கிடையாது. ‘பருப்பொருள் இடத்தை அடைக்கும், அதற்கு எடை உண்டு’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்கிற ஆள் நான். அவரோ ஒரு குச்சியின் இரு முனையிலும் ஊதிய பலூனைக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றில் மெல்ல ஊசி குத்தி, காற்று போனதும் குச்சி மறுபக்கம் சாய்வதைக் காட்டுவார். பலூன் வெடித்துவிடுமோ என்று முதலில் கண்ணை மூடிக்கொள்வதும் அவர்தான்.

அன்று ஒரு சிறுமி எழுந்து, “டீச்சர், பயம் பருப்பொருளா?” என்று கேட்டாள். எதற்கெடுத்தாலும் குறுக்கு விசாரணை செய்வதால் அவளுக்கு ‘வக்கீலம்மா’ என்று பெயர்.

“இல்லம்மா. பயத்துக்கு எடை கிடையாது, அது இடத்தையும் அடைக்காது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரின் விஷயத்தில் அது வீட்டையே அடைத்துக்கொண்டிருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அவர் தற்காலிக ஆசிரியை. மேலதிகாரி ஒருவர் வந்து, வகுப்பில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்துவிட்டு எழுதித் தந்தால்தான் வேலை நிலைக்கும். முன்பு இருந்த பள்ளியில் அப்படி ஒருவர் வந்தபோது இவருக்கு வாயே எழவில்லை. அதோடு அந்த வேலை போய்விட்டது. இங்கேயும் கோட்டைவிட்டால் இனி வகுப்பறைப் பக்கமே வர முடியாது. வேறு எந்த வேலையிலும் அவரை நினைத்துப் பார்க்க எனக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

அதிகாரி வரப்போவது தெரிந்த வாரத்தில்தான் ‘உயிருள்ளவை, உயிரற்றவை’ பாடம் தொடங்கியது. ஆளுக்கொரு காகிதக் கப்பில் மண்ணும், ஓர் அவரை விதையும் கொடுத்தார்.

“விதை பார்க்கக் கல்லு மாதிரிதான் இருக்கு. ஆனா உயிர் இருக்கு, முளைக்கும். கல்லுக்கு எத்தனை தண்ணி ஊத்தினாலும் முளைக்காது. நான் சொல்றேன்னு நம்பாதீங்க, நீங்களே செஞ்சு பாருங்க” என்றார்.

நல்ல பேச்சு. ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரி வருகிறார் என்றால் சுவரில் தொங்கும் படங்களை டீச்சர்களே வரைந்து, பிள்ளைகள் பெயரை எழுதி மாட்டிவிடுவோம். யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தலையணை உறை மாற்றுவது போலத்தான்.

ஐயையோ டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் வீட்டுச் சமையலறை ஜன்னலில் உபரியாகக் கப்புகளை வரிசையாக வைத்து அவரை வளர்த்தார். அவர் கணவர் பஸ் டிரைவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். “நான் அவ்வளவு பெரிய பஸ்ஸுக்கே ஒரே ஒரு ஸ்டெப்னி டயர்தான் வெச்சிருக்கேன். உனக்கு எதுக்குடி இத்தனை?” என்று கேட்டாராம். இவர் அடுத்த கப்புக்குத் தண்ணீர் தெளித்தாராம்.

அதிகாரி வரும் நாளன்று காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே டீச்சர் பையோடு வந்து என் முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, எல்லாம் முளைச்சிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் அப்படியே கிடக்குது. வக்கீலம்மாவோடது. அதிகாரியம்மா நேரா அதைத்தான் பாப்பாங்க.”

“அதுக்குத்தான் ஸ்டெப்னி இருக்கே. நட்டுட்டுக் கைய கழுவு. யாரு தோண்டிப் பாக்கப் போறாங்க?” என்றேன்.

பென்சிலால் மண்ணில் குழி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நாற்றை இறக்கி, மண்ணை அமுக்கினார்.

அதிகாரி வந்தார். கண்டிப்பான முகம். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். தலைமையாசிரியர் வாசலில் நின்றுகொண்டார். நான் என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதக் கொடுத்துவிட்டு, தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். டீச்சர் முதலில் திக்கினார். பிறகு பாடம் அவரை இழுத்துக்கொண்டு போனது. நாற்காலி வளருமா, பூனை மூச்சு விடுமா, பொம்மைக்குப் பசிக்குமா என்று கேட்கக் கேட்க, பிள்ளைகள் கூரை அதிரப் பதில் சொன்னார்கள். எனக்கே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

வக்கீலம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. கப்பையே முறைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அதைக் கவனித்துவிட்டார்.

“ஏன் பாப்பா சும்மா இருக்கே? நீ சொல்லு, கல்லுக்கு உயிர் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நான் விதை போடல. கல்லுதான் போட்டேன். டீச்சர்தான் செஞ்சு பாக்கச் சொன்னாங்க. இப்ப அது முளைச்சிருக்கு.”

எனக்குப் பகீரென்றது. டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக உள்ளே வந்து, “மறந்துபோய் விதையத்தான் போட்டிருப்பே, பாப்பா” என்று சமாளித்தார்.

“இல்ல சார், கல்லுதான்.”

“பெரியவங்க முன்னாடி பொய் சொல்லக்கூடாது.”

“நான் பொய் சொல்லல டீச்சர்” என்று டீச்சரைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

‘ஆமா, மறந்திருப்பே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லித் தொலையேன் என்று நான் இடுக்கில் பல்லைக் கடித்தேன். அவளோ சின்னக் குழந்தை, நாளைக்கு மறந்துவிடுவாள். டீச்சர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அவ பொய் சொல்லல, சார். அந்தச் செடிய நான்தான் காலையில நட்டேன்.”

டீச்சர் அந்தக் கப்பை எடுத்து ஒரு செய்தித்தாளில் கவிழ்த்தார். நாற்று ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கூழாங்கல், போட்டது போட்டபடியே உருண்டு வந்தது.

வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “அப்ப கல்லு முளைக்கலையா?”

“முளைக்கலம்மா.”

“நீங்க எதுக்கு டீச்சர் செடி வெச்சீங்க?”

“உன் கப்பு காலியா இருந்துச்சு. மேடம் என்ன சொல்வாங்களோன்னு பயந்துட்டேன்.”

“முளைக்கலைன்னா என்ன டீச்சர்? முளைக்காதுன்னு பாக்கத்தானே போட்டேன்!”

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு எழுந்து போனார். டீச்சர் அன்று மதியம் சாப்பிடவே இல்லை. உத்தரவு வருகிறவரைக்கும் தபால்காரரைக் கண்டாலே ஒதுங்கிப் போனார். கடைசியில் வந்தது இதுதான்: வேலை போகவில்லை, நிலைக்கவும் இல்லை. தற்காலிகப் பணி ஒரு வருடத்துக்கு நீட்டிப்பு. அடுத்த வருடம் இதே பாடத்தில் மறுபடியும் பார்வையிடப்படும்.

“ஐயையோ, இன்னொரு தடவையா!” என்றார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

இன்றைக்குத்தான் அந்த இன்னொரு தடவை. காலையிலேயே தடுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். டீச்சர் கையில் பை இல்லை.

“ஸ்டெப்னி எங்க?”

“கொண்டுவரலக்கா. எங்க வீட்டுக்காரர்கூடக் கேட்டாரு. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல, பயமாத்தான் இருக்கு.”

ஜன்னலோரம் கப்புகள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் பச்சை. சிலவற்றில் வெறும் மண். நாலாம் வகுப்புக்குப் போய்விட்ட வக்கீலம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள். வந்த வேகத்தில் கப்புகளை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“டீச்சர், இது யாரோடது? பேரே எழுதலையே. முளைக்கவும் இல்ல.”

“அது என்னோடது. கல்லு போட்டிருக்கேன்” என்றார் டீச்சர்.

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் குவளையை எடுத்துத் தன் கப்புக்குத் தண்ணீர் ஊற்றினார். பாதித் தண்ணீர் மேசையிலேயே கொட்டியது.