இரண்டு பேருக்கான பேட்டரி

நீலகண்டன் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஓர் ஆட்டோவின் பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் உப்பு. மேசையில் கிடந்த போனை எடுக்காமல், குனிந்து நின்றே, வேனில் ஊர் சுற்றுகிற நம் போன் குழுவில் வந்திருந்ததைப் படித்தேன். முந்தின நாள் காலை வாசலில் பால் பாக்கெட் அப்படியே கிடந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டியிருக்கிறார். தூக்கத்திலேயே மாரடைப்பு. புனேயிலிருந்து தங்கை விமானத்தில் வந்து, தகனமும் முடிந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது, பாருங்கள்.

ஆட்டோக்காரர், "அண்ணாச்சி, என்ன ஆச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மிச்ச உப்பையும் சுரண்டி முடித்தேன். பிறகு போனில் பழைய அழைப்புகளைத் தேடினேன். நான்கு நாளுக்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். பேசியது நாற்பது விநாடி. அதை முடித்துவைத்தவன் நான்தான்.

இந்தக் குழுவில் உள்ளவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீவராகத்துக்காரர். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இருந்தவரை ஊரை விட்டு எங்கும் போனதில்லை. அம்மா போன பிறகு ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, வீடு மாதிரி ஆக்கிக்கொண்டார். நான் கழக்கூட்டம் பைபாஸில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் முத்து. வள்ளியூர்க்காரன். குடும்பம் ஊரில், நான் கடைக்குப் பின்னாலுள்ள அறையில். மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வருவேன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் தடவை அவர் என் கடைக்கு வந்ததே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான். வேனில் கட்டிலுக்கு அடியில் இரண்டு பெரிய ஈய பேட்டரிகள். தண்ணீர் ஊற்றுவதற்காக வெளியே இழுத்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தேன், இரண்டும் செத்துப்போயிருந்தன. பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி ஓட்டினால் ஈயம் தாங்காது என்று விளக்கினேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். எனக்காகப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாதிதான் எடுத்துக்கலாம்னா முழு பாரத்தை எதுக்கு ஓய் சுமக்கணும்?" என்றார். லித்தியம் வேண்டும் என்றார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது உண்மை. இருபத்திரண்டு வருஷமாக ஈயத்தை நம்பிப் பிழைக்கிறவனிடம் வந்து இப்படிக் கேட்டால்? அதுவரை லித்தியத்தைக் கையால்கூடத் தொட்டதில்லை நான். ஆனால் வந்தவரை விடவும் மனமில்லை. ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபேன் என்று கூட்டிப் பார்த்து, ஒரு ஆளுக்கு நூறு ஆம்பியர்-மணி தாராளம் என்றேன். அவர் இருநூறு போடச் சொன்னார். ஃபேனும் இரண்டு வேண்டுமாம்.

"ஒத்த ஆளுக்கு எதுக்கு சாரே ரெண்டு ஃபேனு?"

"யாராவது வந்தா?"

"யாரு வருவா?"

அவர் பேட்டரி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதைச் சமாளிக்கத்தான், "நான் வாறேன் சாரே. போட்டுட்டாப் போச்சு," என்றேன். கடைக்காரன் வாய். வாடிக்கையாளரிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படிச் சொல்வோம். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "அப்ப இருநூறுதான்," என்றார்.

பழையதைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்து, அதே கம்பிகளை முடுக்கிக் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். சார் ஸ்டூலைப் போட்டு வண்டிக் கதவை மறித்து உட்கார்ந்துகொண்டார். லித்தியம் கரண்டை மடமடவென்று உறிஞ்சும், எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரோடு நேராகக் கோத்தால் அது சூடேறிக் கருகும், நடுவே அதற்கென்று ஒரு சார்ஜர் வேண்டும் என்றார். வீட்டில் போடும் சார்ஜரும் மாற வேண்டும், ஃபியூஸும் மாற வேண்டும். "ஒண்ணை மாத்தினா கூட இருக்கற எல்லாத்தையும் மாத்தணும், கேட்டேளா," என்பது அவர் வாக்கு. உங்களில் பாதிப் பேர் அதை அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். நடுவே போடுகிற அந்தச் சார்ஜர் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை எஞ்சின் பக்கத்துக் கம்பியைக் கழற்றியே வைத்தோம். பேட்டரியில் இருப்பதை வைத்து ஒரு நடை போய்வரலாம் என்று அவர் வாகமணுக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். சனிக்கிழமை கடையை எப்படி அடைப்பது? அடுத்த தடவை என்றேன்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் மீட்டரை வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று வோல்ட் காட்டியது. ஈயத்தில் பன்னிரண்டரைக்கு மேல் போனாலே நல்ல சார்ஜ். பதின்மூன்று என்றால் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். "ஃபுல்லா கெடக்கு சாரே, தைரியமாப் போங்க," என்று முதுகில் தட்டி அனுப்பிவைத்தேன். லித்தியம் அப்படி இல்லை. நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் வரும்போது முழுதாகவும் வராது. அன்று அதில் இருந்தது மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. இருபத்திரண்டு வருஷம் மீட்டர் பிடித்த கை என்ற திமிர், வேறென்ன?

மறுநாள் மத்தியானம் மலையில், தனி பேட்டரியில் ஓடும் எஞ்சினைத் தவிர எல்லாம் ஒரே அடியாக நின்றுவிட்டன. ஈயமாக இருந்தால் விளக்கு மங்கும், ஃபேன் முனகும், நமக்கு முன்கூட்டியே தெரியும். இது அப்படி எதுவும் காட்டாது. உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் பட்டென்று துண்டித்துவிடும். ஃபிரிட்ஜில் அவருடைய இன்சுலின் இருந்தது. பக்கத்து டீக்கடையில் கெஞ்சி, அவர்கள் பால் வைக்கும் ஐஸ் பெட்டியை வாங்கி அதை அதற்குள் வைத்து, சாயங்காலத்துக்குள் மலையிறங்கி வந்து சேர்ந்தார். வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன். "தப்பு உம்மோடது இல்லை. உம்ம கைப்பழக்கத்தோடது," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவரே ஒரு கருவியை வரவழைத்தார். பேட்டரியிலிருந்து எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு உள்ளே வந்தது என்று ஒவ்வொரு துளியாக எண்ணி, வட்டத் திரையில் காட்டும். "வோல்ட்டைப் பாத்து நம்பாதீங்கோ. எவ்வளவு போச்சுன்னு எண்ணுங்கோ," என்று சொல்லிக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் என்னையே பொருத்த வைத்தார். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த லித்தியமும் என் கடையில் ஒரு முழு நாள் சார்ஜ் ஏறாமல் வண்டிக்குள் போகாது. காத்திருக்கச் சொன்னதற்கு உங்களில் பலர் முணுமுணுத்திருக்கிறீர்கள். கொல்லத்துக்காரர் ஒருவர் சண்டையே போட்டார். காரணம் இதுதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவரே எனக்கு ஆட்களை அனுப்பத் தொடங்கினார். டெக்னோபார்க் பிள்ளைகள், எர்ணாகுளத்திலிருந்து டிரெய்லரை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் "நீலகண்டன் சார் பறஞ்ஞு விட்டதா" என்று அவர் அனுப்பியதைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார்கள். கடை நிறைந்தது. சனி, ஞாயிறுதான் கூட்டம். அவர் என்னைக் கூப்பிடுவதும் அந்த நாட்களுக்குத்தான். தென்மலைக்குக் கூப்பிட்டார். பொன்முடிக்கு, பிறகு மறுபடி வாகமணுக்கு. நான்கு வருஷத்தில் எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. ஒரு தடவைகூடப் போகவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் அனுப்பிய ஆட்களைக் காரணம் காட்டி அவருக்கே வரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் கடையை அடைத்தால் நான் என்ன செய்வேன்? அறையில் கஞ்சியை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

சோர்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசி அழைப்பிலும் அதே குரல்தான்.

"சனிக்கிழமை முட்டம் போறேன். கடலைப் பாத்துண்டு சும்மா உக்காரலாம். வறேளா?"

"அடுத்த தடவை கண்டிப்பா சாரே."

"சரி சரி, கடையைப் பாருங்கோ."

அந்தக் குரலைக் கேட்டு, மனுஷர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துப் போனை வைத்தேன்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தங்கை கூப்பிட்டார். "முத்துதானே? அண்ணா எப்பவும் உங்க பேரைச் சொல்லுவார். வண்டியைக் குடுத்துடப் போறோம். அந்த பேட்டரி சமாசாரம் எங்களுக்கு ஒண்ணும் புரியலை. வந்து பாக்கறேளா?" என்றார். அன்று புதன்கிழமை. கடையை அடைத்துவிட்டுப் போனேன். இவ்வளவு சுலபமாக அடைக்க முடிகிற கடைதான் அது.

ஸ்ரீவராகம் குளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. நான் கம்பி இழுத்த வண்டிதான். ஆனால் அதற்குள் வேலை இல்லாமல் நான் உட்கார்ந்ததே இல்லை. பெட்ஷீட்டை மடித்து வைத்திருந்தார். ஃபிரிட்ஜில் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்கள். வட்டத் திரை நூறு சதவீதம் காட்டியது. முட்டம் போவதற்கு முழுதாக ஏற்றி வைத்திருக்கிறார். இரண்டு ஃபேனையும் போட்டேன். அவருடைய கட்டிலுக்கு எதிர்ப் பக்கத்துப் பலகையில், இரண்டாவது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். நல்ல காற்று வந்தது. ஒரு கால் மணி நேரம் அழுதேன். தங்கை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்தக் கருவிக்குள் பழைய விவரமெல்லாம் பதிவாகியிருக்கும். பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் வழக்கமாகத் திறக்கிற பக்கம்தான். பொருத்திய நாள் முதல் ஒரே நடையில் ஆக அதிகமாக எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒரு வரி அதில் உண்டு. தொண்ணூற்றாறு ஆம்பியர்-மணி என்று இருந்தது. நான்கு வருஷம், எத்தனையோ மலை, எத்தனையோ கடற்கரை. இருநூறில் ஒரு நாளும் நூறைத் தாண்டவில்லை. ஒரு ஆளுக்கு நூறு தாராளம் என்று நான் போட்ட கணக்கு அப்படியே சரியாக இருந்தது. மிச்ச நூறையும் அவர் எனக்காகத்தான் ஒவ்வொரு நடையும் ஏற்றிக்கொண்டு போய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்.

வண்டியை வாங்குகிறவருக்குப் புதிய கருவி ஒன்றை நானே பொருத்திக் கொடுத்துவிட்டு, பழையதைத் தங்கையிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். கடை மேசையில் ஒரு சின்ன பேட்டரியில் மாட்டி வைத்திருக்கிறேன். வேறு பேட்டரியில் மாட்டும்போது பழைய எண்ணை அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இதில் மட்டும் அந்தத் தொண்ணூற்றாறை நான் அழிக்கவில்லை.