இரண்டு கையெழுத்துப் போட்ட பாட்டில்

பம்பு அண்ணன் கோபக்காரர் என்று ஊரெல்லாம் பேச்சு. பதினோரு வருஷம் அவரோடு இருந்தவன் நான். கோபம் வந்தால் ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டும் என்பது உண்மைதான். அவர் அழுது நான் பார்த்தது ஒரே ஒரு முறை.

ஆற்றுக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அவர்கள். பேச்சு வேறு, சாமி வேறு. கலவரத்தில் அண்ணனின் தம்பியை அவர்கள் ஆட்கள் வெட்டினார்கள். தையல்காரம்மாவின் புருஷனை எங்கள் ஆட்கள் கொன்றார்கள். ஆனால் இரண்டு கரையும் குடிப்பது ஒரே ஆற்றுத் தண்ணீர்தான், அதுவும் அண்ணன் ஓட்டுகிற ஒரே பம்பு வழியாக. அதனால் கரைக்கு நான்கு பேராக ஒரு குழு சேர்ந்து, சனிக்கிழமை காலையில் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்தோம். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், நாங்களோ வெட்டிக்கொண்டவர்கள். ஆகவே ஒரு விதி போட்டோம். எங்கள் கரைத் தண்ணீரை அவர்கள் ஆள் எடுக்க வேண்டும், அவர்கள் கரைத் தண்ணீரை எங்கள் ஆள். பாட்டில் சீட்டில் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

எடுத்தது அண்ணனும் தையல்காரம்மாவும். முதல் வருஷம் முழுக்க முகம் பார்க்காமல் பாட்டிலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் அண்ணனின் சட்டைப் பை கிழிந்து தொங்கியதை அந்தம்மாவால் பொறுக்க முடியவில்லை. பாலத்தின் மேலேயே ஊசியை எடுத்துவிட்டார். "அசையாதீங்க, குத்திடும்" என்று எங்கள் மொழியில் பாதியும் கையால் மீதியும் சொன்னார். அண்ணனாவது, அசையாமல் நிற்பதாவது! நின்றார். அதற்குப் பிறகு அவர் அண்ணா, அந்தம்மா தங்கச்சி. பாட்டில்களை வெந்நீரில் கொதிக்க வைத்துக் கழுவி, தானே தைத்த துணிப்பையில் கொண்டு வருவதும் தங்கச்சியின் வேலையாயிற்று.

அண்ணனின் மாப்பிள்ளை எங்கள் கரையில் சாயப்பட்டறை போட்டார். வினை அங்கேதான் வந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் கரைப் பாட்டிலில் உப்பு மீட்டரை விட்டேன். என்றுமில்லாத சுத்தம். அண்ணன் மூக்கைச் சுளித்தார். ஆறு நாறிக்கொண்டிருந்தது; பாட்டில் நாறவில்லை.

"தங்கச்சி, இது எந்தத் தண்ணி?"

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து எங்க வீட்டுல பிடிச்சு வச்ச மழைத் தண்ணி. பட்டறைத் தண்ணி ஆத்துல கலக்குறதைப் பாத்தேன். உங்க பொண்ணு எட்டு மாசம் வயித்தைத் தூக்கிட்டு நிக்கிறா அண்ணா. பட்டறையை மூடிட்டா எங்க போவா? மாப்பிள்ளைகிட்ட நானே பேசிச் சரி பண்ணிடலாம்னு நெனச்சேன்."

"நீ எனக்கு எதிரியாவே இருந்திருக்கலாம்மா" என்றார் அண்ணன்.

எதிரிகளை நினைத்துப் போட்ட விதி அது. நடுவில் பாசம் வந்து உட்காரும் என்று எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் பம்பை நிறுத்தினார். இரண்டு கரையும் குடத்தோடு வந்து ஏன் என்று கேட்டது. பாம்பும் சாக வேண்டும், தடியும் முறியக் கூடாது என்று நான் அவர் காதைக் கடித்தேன்: "பாட்டில் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்கண்ணே."

"நாளைக்கு வேற எவன் வாயிலேயாவது இது வந்தா மறுபடி வெட்டிப்பாங்கடா" என்றார். மாப்பிள்ளை செய்ததைச் சொன்னார். தங்கச்சி செய்ததையும் சொன்னார்.

பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. மகள் அவரோடு பேச்சை விட்டாள். பிறந்த பேரனை அவர் கண்ணில்கூடக் காட்டவில்லை. தையல்காரம்மாவை அந்தக் கரையில் விலைபோனவள் என்றார்கள், தைக்கத் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். குழுவிலிருந்தும் எடுத்துவிட்டோம். நானும் கை தூக்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் சனிக்கிழமைதோறும் பாலத்துக் கம்பியில் கழுவிய பாட்டில்கள் அந்தத் துணிப்பையில் தொங்கும். ஆளைக் காண முடியாது. போன வாரத்து அழுக்குப் பாட்டில்களை அதே கம்பியில் மாட்டிவிட்டு வருவோம். அண்ணன் பையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடு ஆறலடா, இப்பத்தான் வச்சுட்டுப் போயிருக்கா" என்பார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு சனிக்கிழமை பை இல்லை. அண்ணன் பாலத்தைத் தாண்டித் தனியாகப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. புதன்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அந்தம்மாவுக்கு இவர் அண்ணன் என்று அந்தக் கரையில் யாருக்குத் தெரியும்?

பம்பு அறைக்குத் திரும்பி வந்து, மோட்டார் சத்தத்துக்கு நடுவே ஓவென்று அழுதார்.

"அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, எனக்குச் சொல்லி விட்டிருப்பாங்க இல்லடா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டார். போன வாரத்துப் பாட்டில்கள் இரண்டும் அழுக்காக மேசைமேல் இருந்தன. அடுப்பைப் பற்ற வைத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அவற்றை உள்ளே போட்டார்.

"எவ்வளவு நேரம்டா கொதிக்க வைப்பா?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை.