கடையில் வாங்கிய துருசு

உப்பு எப்படி உண்டாகிறது என்று கேட்டால், அமிலத்தில் உலோக ஆக்சைடைப் போட்டால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவீர்கள். கண்ணால் பார்த்தீர்களா? ஒரு முறையாவது?

வரலட்சுமி டீச்சர் இப்படித்தான் எல்லோரையும் மடக்குவார். அச்சரப்பாக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, திருவிடந்தைப் பக்கம் கடலோரத்து அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். ஊர்த் திருவிழாவுக்கு வந்த சாமியார் ஒருவன் எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டினான். டீச்சர் கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்து, அதே கூட்டத்தின் நடுவில் அதே மாதிரி பழத்தை அறுத்தார். அதே ரத்தம். சாமியார் அன்று மாலையே மூட்டை கட்டினான். "எவன் சொன்னாலும் நம்பாதீங்க, செஞ்சு பாருங்க" என்பது அவர் வகுப்பில் தினமும் காதில் விழும் பேச்சு.

ஆனால் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆய்வகத்தில் சோதனை செய்பவர்கள் ஆங்கிலவழிப் பிள்ளைகள். அவர்கள் போன பிறகு குடுவைகளைக் கழுவுபவர்கள் தமிழ்வழிப் பிள்ளைகள், அதாவது மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். "ஆசிட்டை இதுங்க கையில குடுத்தா யாரு பதில் சொல்றது?" என்றார் தலைமையாசிரியர். சாமியாரைக் கேள்வி கேட்ட வாய் இங்கே திறக்கவில்லை. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடத்தைக் கரும்பலகையிலேயே நடத்தி முடித்துவிடுவார் டீச்சர்.

செங்கல்பட்டில் அறிவியல் கண்காட்சி வந்தது. தமிழ்வழியிலிருந்தும் ஒரு பிள்ளை வேண்டும் என்று உத்தரவு. பேச்சில் கெட்டிக்காரியான பிரியங்காவைப் பிடித்தார்கள். அவள் அப்பா கட்டுமரத்தில் போகிறவர். செய்து பழக்க நேரமில்லை என்று டீச்சர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அச்சரப்பாக்கம் உரக்கடையில் துருசு வாங்கினார். காப்பர் சல்பேட்டுக்கு விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் அது. அதில் பெரிய நீலக் கட்டிகளாகப் பொறுக்கிக் கண்ணாடித் தட்டில் வைத்தார். அட்டையில் எழுதினார்: "மாணவி தயாரித்த உப்பு."

பிரியங்கா ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். நீர்த்த கந்தக அமிலத்தைச் சூடாக்கி, கறுப்பு காப்பர் ஆக்சைடைப் போட்டு, வடிகட்டி, பாதி வற்றியதும் இறக்கி ஆறவிட்டேன் என்றாள்.

"எல்லாம் நீயே செஞ்சதாம்மா?" என்றார் நடுவர்.

பிரியங்கா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையசைத்தார்.

"ஆமா சார்."

முதல் பரிசு. திரும்புகிற பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், அந்தக் கறுப்புத் தூளைப் போட்டா நெஜமாவே நீலம் வருமா?"

வரும் என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு எழவில்லை. நான் சொல்கிறேன், நம்பு என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன சான்று இருந்தது? அதைத்தானே அந்தச் சாமியாரும் சொன்னான்? மாமல்லபுரம் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் கேட்காமலேயே தமிழ்வழி வகுப்பை ஆய்வகத்துக்குள் அழைத்துப்போனார். பிரியங்காவின் கையாலேயே தூளைப் போடவைத்தார். கறுப்பு கரைந்து நீலம் எழுந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். வடிகட்டிய நீரைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்த டீச்சர், பாதியில் இறக்க வேண்டியதை மறந்துபோனார். ஆண்டுக்கணக்கில் வாயால் சொன்னவருக்குக் கை பழகியிருக்கவில்லை. நீலம் வற்றி, வெடித்து, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது.

"இன்னா டீச்சர், தோசை தீஞ்சிப்போச்சா?" என்றான் லோகு. வகுப்பே சிரித்தது.

"வந்த நீலம் எங்க போச்சு டீச்சர்?" என்றாள் பிரியங்கா. அவள் சிரிக்கவில்லை.

கிண்ணம் ஆறியதும் யாரும் சொல்லாமலேயே பிரியங்கா அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கழுவுவது அவர்கள் வேலையாயிற்றே. சூட்டில் இழந்த நீர் திரும்பக் கிடைத்ததும் அந்த வெள்ளைத் தூள் மறுபடி நீலமானது.

"டேய் லோகு, வந்துடுச்சிடா! இங்க கீது பாரு!"

பிள்ளைகள் முண்டியடித்து ஓடினார்கள். டீச்சரும் போனார். பிரியங்கா கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இது இம்மாம் ஈஸியா டீச்சர்? அப்போ அன்னிக்கே செஞ்சிருக்கலாமே. என்னை எதுக்குப் பொய் சொல்ல வச்சீங்க?"

நடுவர் முன்னால் செய்த அந்தத் தலையசைப்பு இன்னும் டீச்சர் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு இந்த வாரம் போங்கள். அலமாரியிலுள்ள கோப்பைகளைப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே குடுவை கழுவுகிற பிள்ளை யார் என்று விசாரித்து, அடுத்த சோதனையை அந்தப் பிள்ளை கையால் செய்ய வையுங்கள். முடிகிறவரை அங்கேயே நில்லுங்கள்.