உப்பில்லாக் கஞ்சி

ஜெயக்கொடி நர்ஸ் வேலைக்குப் போனதிலிருந்து, நாகமலை புதுக்கோட்டையில் அண்ணன் வீட்டில் அவளுக்குத் தனித்தட்டு. "கண்டவன் மூத்திரத்தை அள்ளுற பொழப்பு" என்பாள் மதினி. புருஷனைப் பறிகொடுத்த பிறகு மதுரையில் தொழில் படித்தவள் ஜெயக்கொடி. ஊருக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய மறுவருஷம், கோடையில், சாயத்தொழிலாளி சௌரிராஜனை அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது. காலில் விரல் பதித்தால் குழி அப்படியே நின்றது.

"சிறுநீரகம் பழுதாயிருச்சு. பெரிய மருந்து ஒண்ணும் இல்லம்மா," என்றார் டாக்டர் ஜெயக்கொடியிடம். "உப்பு கூடாது. தண்ணி அளந்துதான். மத்தது நீ பார்த்துக்கிறதுலதான் இருக்கு."

அந்த அளவுதான் கொடுமை. "நர்சம்மா, ஒரு வாய் தண்ணி..." என்று கெஞ்சுவார் சௌரிராஜன். வெடித்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றிவிட்டு அவள் நகர்ந்துவிடுவாள். அவர் மனைவி ரங்கநாயகி முறைப்பாள். ஜெயக்கொடிக்குப் புரியாத தங்கள் பாஷையில் புருஷனிடம் ஏதோ முணுமுணுப்பாள்.

வடிய வேண்டிய வீக்கம் ஏறியது. சிறுநீர் வெறும் சொட்டுதான். ஒருநாள் மத்தியானம் அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது ஊறுகாய் வாசம் அடித்தது. ரங்கநாயகியின் மடியில் ஒரு சம்புடம்.

"என்னம்மா இது?"

"சப்புன்னு இருக்கிற கஞ்சி இறங்கலேன்னு அழுறாரு. பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றீங்களா?"

ஜெயக்கொடி வாய் திறப்பதற்குள் கட்டில் அதிர்ந்தது. சௌரிராஜனுக்குக் கை கால் வெட்டி இழுத்தது. அவரை ஒருக்களித்துச் சாய்த்து, துணி சுற்றிய கரண்டியைப் பல்லிடையில் கொடுத்து, டாக்டருக்குக் குரல் கொடுத்தாள்.

"நானே கொன்னுட்டேனா?" ரங்கநாயகி அழுதாள்.

"அழ நேரமில்ல. காலைப் புடிங்க!"

டாக்டர் ஓடிவந்து கை நரம்பைக் கீறிக் கொஞ்சம் ரத்தத்தை வடித்தெடுத்தார். வலிப்பு நின்றது, நினைவு வரவில்லை. ஊறுகாய் விஷயம் தெரிந்ததும் டாக்டர், "இந்தம்மாவை வெளிய அனுப்பு" என்று சீறினார்.

"வேண்டாங்கய்யா. அவுக சொன்னாத்தான் அவரு கேப்பாரு," என்றாள் ஜெயக்கொடி. சொல்லிவிட்டாளே தவிர, அவர் பிழைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தோடுதான் வெந்நீர் வைக்கப் போனாள்.

உடம்பில் தேங்கிய நீர் இறங்கட்டும் என்று, வெந்நீரில் பிழிந்த கம்பளியை அவர்மேல் சுற்றிச் சுற்றி வியர்க்கவைத்தாள். சாயங்காலம் அவர் கண் விழித்தார். ரங்கநாயகி தனக்கும் ஒரு கிண்ணம் உப்பில்லாக் கஞ்சி வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டினாள். அவரும் குடித்தார்.

மறுநாள் விடிந்தபின் மூத்திரக் குடுவை நிறைந்தது. அதை ஏந்திக்கொண்டு ஜெயக்கொடி வார்டு என்றும் பாராமல், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினாள்.

சௌரிராஜன் மறுபடி சாயத்தொட்டிப் பக்கம் போக முடியவில்லை. ஆனால் சில வருஷம் உயிரோடு இருந்தார். அந்தப் பாஷை பேசும் ஜனத்தில் யார் வீக்கத்தோடு வந்து சேர்ந்தாலும் ஜெயக்கொடி ரங்கநாயகிக்கு ஆள் அனுப்புவாள். அவள் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, உப்பு ஏன் ஆகாது என்று தங்கள் பாஷையில் எடுத்துச் சொல்வாள்.