பொட்டு வைத்த டிஸ்க் பெட்டி

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் இருக்கும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகங்களை டைப் செய்து கொடுக்கும் சிறிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள்ளேயே பல கம்ப்யூட்டர்கள் ஓடுவதுபோல மென்பொருளால் பிரித்து வைத்திருந்தேன். அவற்றின் டிஸ்க்குகள் எல்லாம் பக்கத்தில் ஒரு தனிப் பெட்டியில். இரண்டையும் சேர்ப்பது ஒரு நெட்வொர்க் கேபிள். பேக்கப்புக்கு இன்னொரு பெட்டி கேட்டால், "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்பார் முதலாளி. அந்த அடுத்த மாதம் வந்தபாடில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் அணைத்து, துடைத்து, பொட்டு வைத்துப் பூச் சாத்தினோம். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதலாளியே சுவிட்சைப் போட்டார். உள்ளே இருந்த ஒரு கம்ப்யூட்டரும் எழவில்லை. டிஸ்க்கைக் காணோம் என்றது திரை. டைப் செய்யும் பெண்கள் மாதக்கணக்கில் அடித்து, அன்று மாலை அனுப்ப வேண்டிய புத்தகம் மொத்தமும் அதில்தான் இருந்தது.

பெட்டியை விற்ற சென்னைக்காரருக்குப் போன் போட்டோம். டிஸ்க் போயிருக்கும், ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றார். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

"சரிம்மா, அவர் சொல்ற மாதிரியே பண்ணிடு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஃபார்மட் பண்ணா அடிச்சதெல்லாம் போயிடும் சார். யாரும் கைய வெக்காதீங்க" என்று சொல்லி, கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெட்டியில் பச்சை விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்தன. டிஸ்க் பழுதாகியிருந்தால் சிவப்பு எரிந்திருக்கும். ஆனால் சர்வரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தால் பெட்டியிடமிருந்து பதிலே இல்லை. உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பட்டது. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். பளிச்சென்று துடைத்து, வரிசையாகச் சந்தனம், குங்குமம். கேபிள் செருக ஒரே மாதிரி இரண்டு துளைகள். கேபிள் தவறான துளையில் இருந்தது.

"பின்னாடி யாரு சார் தொடைச்சது?"

"நான்தாம்மா. முன்னாடி மட்டும் தொடைச்சா சாமி ஒத்துக்குமா? வயரக் கழட்டி நல்லா தொடைச்சு, திரும்ப சொருவிட்டேனே."

கேபிளை மாற்றிச் செருகி, டிஸ்க்குகளை மறுபடி தேடச் சொன்னேன். ஒவ்வொரு கம்ப்யூட்டராக எழுந்து வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. சொன்னபடி மாலையே புத்தகம் போய்ச் சேர்ந்தது. முதலாளி பூஜைப் பொரிகடலையை என் இரண்டு கைகளும் நிறைய அள்ளிப் போட்டு, இந்த வாரமே இன்னொரு பெட்டி வாங்கிவிடலாம் என்றார். வாங்கியும் விட்டார்.

இன்றும் ஏதாவது போய்விட்டது, அவ்வளவுதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் உடனே நம்பிவிடுவதில்லை. ஒருமுறை குனிந்து பின்பக்கம் பார்த்த பிறகுதான் கவலைப்பட ஆரம்பிக்கிறேன்.