என் தலைமேல் வாங்கிய சத்தியம்

கனடாவில் நர்ஸாக இருக்கும் என் மகளுக்கு, ஒர்க் பெர்மிட்டை நீட்டிக்க அந்நாட்டு அரசு மறுத்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகப்போவதாகப் போனில் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. பதறிவிட்டேன்.

"ஏட்டி, அவன் ஊர்ல இருந்துக்கிட்டு அவன் கவர்மெண்டு மேலயே கேஸா? பிடிச்சு உள்ள போட்டுருவான். பேசாம வந்துரு. குத்தாலத்துல ரெண்டு நாள் குளிச்சா எல்லாம் தெளிஞ்சிரும்."

"தெளியதுக்கு எனக்கென்ன கிறுக்காம்மா பிடிச்சிருக்கு?"

அவள் சிரித்தாள். நான் விடவில்லை. கேஸ் போடமாட்டேன் என்று என் தலைமேல் சத்தியம் செய்யவைத்தேன்.

சில நாள் கழித்து அவளுடன் தங்கியிருக்கும் தோழி அழைத்தாள். "ஆன்ட்டி, நாளைக்குள்ள போடலைன்னா அப்புறம் கேஸே போட முடியாது. சத்தியத்தை மீறினா உங்களுக்கு ஏதாவது ஆயிரும்னு அழுதுக்கிட்டே இருக்கா."

உடனே மகளைக் கூப்பிட்டேன். "அம்மைக்கு ஒண்ணும் ஆகாது. குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ போடுட்டி" என்றேன்.

போட்டாள். மறுத்ததற்குச் சரியான காரணம் இல்லை, மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. போன வாரம் பெர்மிட் கிடைத்தது. அந்த ஒரு நாள் தவறியிருந்தால், என் பயமே அவள் வேலையைக் கெடுத்திருக்கும்.

இப்போது அவள் எது சொன்னாலும், "நீ என்னட்டி நெனைக்கே?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பயம் வராமல் இல்லை. அதை அவள்மேல் ஏற்றாமல் என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

– ஒரு வாசகி, மேலகரம்